தாம்பரம் முதல் கடற்கரை வரை ஒரு கணக்கு



சென்ற திங்களில் ஒரு ஞாயிறு. இரண்டாம் திருப்பலி முடிந்து மக்கள் கலைந்துகொண்டிருந்த வேளையில், தாம்பரத்தை அடுத்த பங்கு ஒன்றைச் சேர்ந்த தாய் ஒருவர் நம்மைத் தனியே அழைத்தார். கையில் கைப்பேசி, பக்கத்தில் எட்டு வயது மகன். மூன்றாம் வகுப்பு மாணவர் அனைவரும் “நம் வாழ்வில் எண்கள்” என்ற பொருளில் கணினிச் செயல்திட்டம் ஒன்று செய்துவர வேண்டுமென்று பள்ளியில் பணித்திருந்தார்களாம். அம்மையார் அதைக் காட்டினார். பன்னிரண்டு பக்கங்கள், பக்கத்துக்குப் பக்கம் எண்கள் சுழன்று வந்து விழுந்தன, கடைசிப் பக்கத்தில் “நன்றி” என்ற சொல் பொன்னிறத்தில் மின்னியது. இரயிலடிக்கு அருகிலுள்ள கணினிக் கடையில் இருநூறு ரூபாய் கொடுத்துச் செய்வித்ததாம். பையனின் பங்கு, தன் பெயரைச் சொன்னது மட்டுமே.

நாம் விளையாட்டாக, “தம்பி, பதினான்கில் எட்டுப் போனால் எத்தனை?” என்று கேட்டோம். பையன் விரல்களை மடக்கத் தொடங்கினான். பத்து விரல்கள் தீர்ந்தன. பின்பு தரையைப் பார்த்தான்.

“இவனுக்குக் கணக்கு வராது போலிருக்கிறது ஐயா. வேறு பள்ளிக்கு மாற்றி ஒரு வகுப்புக் கீழே போட்டுவிடலாமா என்று வீட்டில் பேசுகிறார்கள்” என்றார் தாய். அதைப் பையன் கேட்டுக்கொண்டு நின்றான் என்பதுதான் நம்மை உறுத்தியது. இத்திங்கள் “இல்லமும் பள்ளியும்” பகுதியில் வேறொன்றை எழுத எண்ணியிருந்தோம், அதை ஒத்திவைத்தோம்.

ஒரு வகுப்பில் நாற்பது பிள்ளைகள் இருந்தால் நாற்பது பேரும் ஒரே படியில் நிற்பதில்லை. இதை அறியாத ஆசிரியர் எவருமில்லை. ஆயினும் பாடநூல் ஒன்றே, தேர்வு ஒன்றே, இப்போது கணினிச் செயல்திட்டமும் ஒன்றே. எண்களைப் பத்துப் பத்தாகக் கட்டத் தெரியாத பிள்ளைக்கும், பெருக்கல் வாய்பாட்டில் விளையாடும் பிள்ளைக்கும் ஒரே வேலையைக் கொடுத்தால், முன்னவனுக்காகத் தாய் செய்வாள் அல்லது கடைக்காரர் செய்வார். பின்னவன் அரைமணியில் முடித்துவிட்டுச் சோம்பியிருப்பான். இருவரும் ஒன்றும் கற்பதில்லை.

நம் மாநிலம் இக்குறையைக் காணாதிருக்கவில்லை. 2003ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் செயல்வழிக் கற்றல் தொடங்கப்பட்டது. ஆந்திரத்து ரிஷிவேலிப் பள்ளியின் முறையைத் தழுவி, பாடங்களை ஏணிப்படிகளாகப் பகுத்து, படிக்கொரு அட்டை வைத்தார்கள். பிள்ளைகள் தரையில் வட்டமாக அமர்ந்து அவரவர் படிக்குரிய அட்டையை எடுத்தார்கள். 2007-08இல் அது மாநிலமெங்கும் பரவியது. பிறகு பெருந்தொற்றுக் காலம் வந்தது, பள்ளிகள் மூடிக்கிடந்தன, பிள்ளைகள் கற்றதையும் மறந்தனர். அந்த இடைவெளியை நிரப்ப 2022 ஜூன் திங்களில் தமிழக அரசு “எண்ணும் எழுத்தும்” இயக்கத்தைத் தொடங்கியது. 2025க்குள் எட்டு வயதுக்குட்பட்ட எல்லாப் பிள்ளைகளும் பிழையின்றிப் படிக்கவும் அடிப்படைக் கணக்குச் செய்யவும் வேண்டும் என்பது அதன் குறிக்கோள். முதலில் மூன்றாம் வகுப்பு வரையிலும், அடுத்த கல்வியாண்டில் ஐந்தாம் வகுப்பு வரையிலும் அது நடைமுறைக்கு வந்தது. அதில் நமக்கு மிகவும் பிடித்தது பெயர்கள்தாம்: அரும்பு, மொட்டு, மலர். முதல் வகுப்புத் திறனில் நிற்கும் பிள்ளை அரும்பு. இரண்டாம் வகுப்புத் திறன் மொட்டு. மூன்றாம் வகுப்புத் திறன் மலர். பெயர் சூட்டியவர் யாரோ, அவர் பிள்ளைகளை நேசிப்பவர். அரும்பைப் பார்த்து “நீ மலராத பூ” என்று யாரும் கடிந்துகொள்வதில்லை அல்லவா!

ஆனால் பெயர் அழகாயிருந்தால் மட்டும் போதாது. வீட்டுக்கு வந்து “நான் அரும்பு, அவள் மலர்” என்று பிள்ளை சொல்லத் தொடங்கிவிட்டால், அதுவும் பழைய “மக்கு” என்ற சொல்லின் மறுபிறப்பாகிவிடும். மேலும், ஒரே பிள்ளை வடிவங்களில் மலராகவும் கழித்தலில் அரும்பாகவும் இருப்பதை நாம் கண்டிருக்கிறோம். படி என்பது பிள்ளைக்கு உரியதன்று. அன்றைய பாடத்துக்கு உரியது.

மேற்சொன்ன தாயும் மகனும் வந்துபோன பின்பு, அப்பங்கின் மாலைநேர வகுப்பில் நான்கு வாரங்கள் நாமும் உடனிருந்தோம். பதினொரு பிள்ளைகள், இரண்டாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை. கருவிகள் என்று பார்த்தால், பெற்றோர் தந்துதவிய மூன்று கைப்பேசிகளும் இளைஞர் இயக்கத்தாரின் பழைய மடிக்கணினி ஒன்றுமே. தந்தை இரவு வேலைக்குப் போனால் கைப்பேசியும் கூடவே போய்விடும், அன்று இரண்டுதான். இந்நிலையில் மூவகைப் பிள்ளைக்கு மூன்று செயல்திட்டம் வகுப்பது ஆகாத காரியம். ஆகவே திட்டம் ஒன்று, வாசல் மூன்று என்று முடிவு செய்தோம்.

திட்டத்துக்குப் பொருள் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. மண்டபத்தில் அமர்ந்தாலே மின்தொடர் வண்டியின் ஊதல் கேட்கும். 1931ஆம் ஆண்டு முதல் தாம்பரத்துக்கும் கடற்கரைக்கும் இடையே மின்வண்டி ஓடுகிறது. பதினெட்டு நிலையங்கள். நம் பிள்ளைகளுக்கு இதைவிடப் பழக்கமான எண்கோடு வேறு ஏது?

முதல் நாளே ஒரு சச்சரவு எழுந்தது. தாம்பரத்துக்கு ஒன்று என்று எண் கொடுப்பதா, பூச்சியம் என்று கொடுப்பதா? ஒன்றிலிருந்து தொடங்கினால் கடற்கரை பதினெட்டு. பூச்சியத்திலிருந்து தொடங்கினால் பதினேழு. நிலையங்களை எண்ணுகிறோமா, நிலையங்களுக்கு இடையிலுள்ள ஓட்டங்களை எண்ணுகிறோமா என்பதில்தான் வேறுபாடு. உதவிக்கு வந்த பெற்றோரே இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டனர். வேலிக்கு நட்ட கம்பங்களையும் அவற்றின் இடைவெளிகளையும் குழப்பிக்கொள்ளும் பழைய தவறு இது. பெரியவர்களும் இதில் சறுக்குவார்கள். ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, “நாம் இன்னும் வண்டி ஏறவில்லையே, அப்படியானால் பூச்சியந்தான்” என்று தீர்ப்புச் சொன்னாள். தாம்பரம் பூச்சியமாயிற்று. சானடோரியம் ஒன்று, குரோம்பேட்டை இரண்டு, பல்லாவரம் மூன்று, திரிசூலம் நான்கு, மீனம்பாக்கம் ஐந்து, பழவந்தாங்கல் ஆறு, பரங்கிமலை ஏழு, கிண்டி எட்டு, சைதாப்பேட்டை ஒன்பது, மாம்பலம் பத்து. மாம்பலம் பத்தாக வந்து அமைந்தது நாம் எதிர்பாராத கொடை. அப்பால் கோடம்பாக்கம், நுங்கம்பாக்கம், சேத்துப்பட்டு, எழும்பூர் பதினான்கு, பூங்கா, கோட்டை, கடற்கரை பதினேழு.

அரும்பு வாசலில் வந்த பிள்ளைகளுக்குக் கைப்பேசி ஒலிப்பதிவுக் கருவி மட்டுமே. நிலையத்தின் பெயரையும் எண்ணையும் தம் குரலில் பதிவு செய்ய வேண்டும், வண்டியில் வரும் அறிவிப்பைப் போல. “அடுத்த நிலையம் பல்லாவரம். எண் மூன்று.” பிறகு அதைக் கேட்டு, தவறியதைத் தாமே திருத்த வேண்டும். திரும்பி வரும் வண்டிக்கும் ஒரு பதிவு. அது இறங்குமுக எண்ணிக்கை. பதினேழிலிருந்து பூச்சியம் வரை பின்னோக்கி எண்ணத் தெரியாத பிள்ளைக்குக் கழித்தல் ஒருபோதும் புரியாது என்பதைப் பல பெற்றோர் அறிவதில்லை. முன்னோக்கி நூறு வரை ஒப்பித்தால் போதும் என்று மகிழ்ந்துபோகிறார்கள். அந்தப் பையன் முதல் வாரம் முழுதும் இவ்வேலையையே செய்தான். தன் குரலைக் கேட்டுத் தானே சிரித்துக்கொண்டு பதினொரு முறை பதிவு செய்தான். எவரும் அவனைப் பதினொரு முறை செய்யச் சொல்லவில்லை.

மொட்டு வாசலில் பயணக் கணக்கு. எழும்பூரில் ஏறித் தாம்பரம் நோக்கி வருபவர் கிண்டியில் இறங்கினால் எத்தனை ஓட்டம்? பதினான்கில் எட்டுப் போதல்! விரல்கள் போதாமல் பையன் திகைத்த அதே கணக்கு. இரண்டாம் வாரத்தில் அவனிடமே இதைக் கேட்டோம். தரையில் சுண்ணக்கோட்டால் வரைந்திருந்த இருப்புப்பாதையில் எழும்பூரின்மேல் நின்றான். “மாம்பலம் வரை நாலு” என்றான், சற்று நின்றான், “அப்புறம் ரெண்டு. ஆறு!” என்றான். பத்து என்ற எண்ணை இடைநிலையமாகக் கொண்டு கூட்டுவதும் கழிப்பதும்தான் தொடக்கக் கணிதத்தின் உயிர்நாடி. அதனை எத்தனையோ அட்டைகளிலும் செயலிகளிலும் படமாகக் காட்டுகிறார்கள். இவனுக்கு அது மாம்பலத்தில் இறங்கி ஏறுவதாக வந்து சேர்ந்தது. கடற்கரையிலிருந்து சைதாப்பேட்டைக்கு? மாம்பலம் வரை ஏழு, அப்பால் ஒன்று, எட்டு. அன்று அவனை வீட்டுக்கு அனுப்புவது கடினமாயிற்று.

மலர் வாசலில் கணினியின் விரிதாள். இரயில்வே கால அட்டவணையைப் பார்த்து நிலையங்களையும் நேரங்களையும் நிரப்பி, எந்த இரு நிலையங்களுக்கு இடையே அதிக நிமிடம் ஆகிறதென்று கண்டு, பட்டை வரைபடம் வரைய வேண்டும். ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவைப் பதினேழு ஓட்டங்களுக்குப் பங்கிட்டால் ஓட்டத்துக்கு ஒன்றே முக்கால் கிலோமீட்டர் வருகிறது; ஆனால் எல்லா ஓட்டமும் அவ்வளவு இல்லை. சராசரி என்பது எங்கும் காணக் கிடைக்காத ஒரு நடுவண் எண் என்பதைப் பிள்ளைகள் வியப்போடு கண்டுகொண்டார்கள். இதையும் முடித்துவிட்ட ஐந்தாம் வகுப்புச் சிறுமிக்கு, “பதினெட்டு நிலையங்களுக்குள் புறப்படும் இடமும் சேரும் இடமும் வெவ்வேறாக எத்தனை வகைப் பயணச்சீட்டு அடிக்க வேண்டும்?” என்று கேட்டோம். திணறினாள். “மூன்று நிலையம் மட்டும் இருந்தால்?” என்றோம். ஆறு. நான்கு இருந்தால் பன்னிரண்டு. ஐந்துக்கு இருபது என்று அவளே சொல்லிவிட்டு, 18ஐ 17ஆல் பெருக்கி 306 என்று எழுதிக்கொண்டுவந்து நிறுத்தினாள். நாம் சூத்திரம் எதையும் சொல்லவில்லை.

ஓர் எச்சரிக்கை. இரயில் நிலையத்தில் பிள்ளைகளைக் கைப்பேசியால் படம் எடுக்கச் சொல்லாதீர்கள். நடைமேடையில் கண் திரையில் இருந்தால் கால் எங்கே இருக்குமென்று சொல்ல முடியாது. பெயர்ப்பலகைகளை நினைவிலிருந்து வரையட்டும்.

இப்போது நம் மனத்தை வருத்தும் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். பல இடங்களில், கெட்டிக்காரப் பிள்ளைக்குச் செயல்திட்டமும், பின்தங்கிய பிள்ளைக்குக் கைப்பேசியில் பயிற்சிக் கணக்குச் செயலியும் கொடுத்துவிடுகிறார்கள். முன்னவன் சிந்திக்கிறான்; பின்னவன் பொத்தானை அழுத்துகிறான், நட்சத்திரம் பெறுகிறான் அல்லது சிவப்புக் குறி பெறுகிறான். இது உதவி போலத் தோன்றும் அநீதி. படி தாழ்ந்த பிள்ளைக்குத்தான் பொருளுள்ள வேலை மிகுதியாகத் தேவை. தாலந்து உவமையை எண்ணிப் பாருங்கள். தலைவர் ஐந்தும் இரண்டும் ஒன்றுமாகப் பிரித்துக் கொடுத்ததை நாம் எளிதில் கடந்துவிடுகிறோம். ஒரு தாலந்து பெற்றவனைச் சோம்பேறி என்று ஏசுவதோடு மறையுரையும் முடிந்துவிடுகிறது. அவன் அதைப் புதைத்ததற்குத் தானே கூறும் காரணம் அச்சம். கணக்கைக் கண்டு அஞ்சும் பிள்ளைகளை வைத்துக்கொண்டு அப்பகுதியை ஒருமுறை வாசித்துப் பாருங்கள்.

தவறைத் தானே கண்டுகொள்ளும்படி பிள்ளைக்குக் கருவி அமைய வேண்டும் என்பதை நமக்குச் சொல்லித் தந்தவர் மரியா மாண்டிசோரி அம்மையார். கத்தோலிக்கரான அவர் 1939ஆம் ஆண்டின் இறுதியில் அடையாற்றுக்குச் சில திங்கள் தங்கும் எண்ணத்துடன் வந்தார். போர் மூண்டிருந்தமையாலும் அவர் இத்தாலி நாட்டவர் ஆனமையாலும் 1946 வரை இந்தியாவிலேயே தங்க நேர்ந்தது. அவர் வகுத்த பொன்மணிகளில் ஒன்று ஒரு மணி. பத்து ஒரு கோல். நூறு ஒரு சதுரம். ஆயிரம் ஒரு கனசதுரம். கையில் ஏந்தினாலே ஆயிரத்தின் கனம் தெரியும். திரையில் தோன்றும் ஆயிரத்துக்குக் கனமில்லை. ஆகையால் கைப்பேசியைத் திறக்கும் முன் புளியங்கொட்டையோ தீக்குச்சிக் கட்டோ தரையில் பரப்புங்கள். ஐந்து நிமிடம் போதும்: பதினான்கு கொட்டையை எண்ணுகிறானா, பத்தைத் தனியே கட்டுகிறானா, எட்டை எடுக்கும்போது ஒன்றிலிருந்து மறுபடி எண்ணுகிறானா என்று பாருங்கள். எந்த வாசலில் அவன் நுழைய வேண்டும் என்பது தெரிந்துவிடும். தேர்வு என்று மட்டும் சொல்லாதீர்கள்.

எழும்பூர் நிலையத்தைப் பிள்ளைகள் குறித்தபோது நமக்கு இன்னொரு நினைவும் வந்தது. 1789ஆம் ஆண்டில் அங்கிருந்த ஆண் அனாதைப் பிள்ளைகள் விடுதிக்குப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் என்ற ஆங்கிலத் திருச்சபைக் குரு, நம் நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டார்; அதைத் தம் விடுதியிலும் புகுத்தினார்; முன்னேறிய பிள்ளைகளைக்கொண்டு மற்றவர்களுக்குக் கற்பித்தார். மேனாட்டில் அது “மதராஸ் முறை” என்றே வழங்கியது. நாமும் ஐந்தாம் வகுப்புச் சிறுமியை அரும்பு வாசலில் உதவிக்கு நிறுத்தினோம். முதல் நாள் அவள் விடையைச் சொல்லிக் கொடுத்துவிட்டாள். “விடை சொல்லக் கூடாது, அடுத்து எந்த நிலையம் என்று மட்டும் கேள்” என்றோம். அது அவளுக்குப் பயணச்சீட்டுக் கணக்கைவிடக் கடினமாயிருந்தது.

பெற்றோர் கேட்கக்கூடும்: இத்தனைக்கும் கணினி எதற்கு? நியாயமான கேள்வி. தரைக்கோடும் புளியங்கொட்டையும் போதுமான இடத்தில் கணினி வேண்டியதில்லை. 2023 ஜூலையில் தாம்பரம் பகுதியிலேயே ஓர் அரசுப் பள்ளியில் “மணற்கேணி” என்ற பாடச் செயலி வெளியிடப்பட்டது. பாடநூல்களின் பக்கங்களிலும் ஒளிப்படக் காட்சிகளுக்கான குறியீடுகள் இருக்கின்றன. அவை பாடத்தை விளக்குபவை, பார்க்கலாம், பயனுண்டு. ஆனால் பிள்ளை தானே ஒன்றை ஆக்குவதற்கு இடம் கொடுக்கும்போதுதான் கணினி தன் மதிப்பைப் பெறுகிறது. சீமோர் பேப்பர்ட் என்ற கணித அறிஞர் 1967இல் “லோகோ” என்ற கணினி மொழியைத் தம் தோழர்களோடு உருவாக்கினார். பிள்ளை ஆணையிட, ஆமை ஒன்று நகர்ந்து கோடு வரையும். நல்ல கருவிக்குத் தரை தாழ்ந்தும் கூரை உயர்ந்தும் இருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. சிறுவனும் நுழையலாம், வளர்ந்தவனுக்கும் தலை இடிக்காது. அவ்வழியில் வந்ததே 2007இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தார் வெளியிட்ட “ஸ்கிராட்ச்”. அது இலவசம்; ஒருமுறை இறக்கிக்கொண்டால் இணையமும் வேண்டாம்.

நான்காம் வாரம் அந்த மடிக்கணினியில் ஸ்கிராட்சைத் திறந்து, ஐந்தாம் வகுப்புச் சிறுமி திரையின் நடுவில் ஒரு வண்டிப் படத்தை வைத்தாள். அத்திரையில் நடு இடம் பூச்சியம். வலப்புறம் 240 வரை எண்கள் செல்லும். தாம்பரத்தை நடுவில் வைத்து, நிலையத்துக்குப் பத்துப் பத்து அடியாக வண்டியை நகர்த்தும் ஆணையை எழுதினாள். குரோம்பேட்டை 20இல், மாம்பலம் 100இல், கடற்கரை 170இல். ஒவ்வொரு நிறுத்தத்திலும் அரும்புப் பிள்ளைகளின் ஒலிப்பதிவு ஒலித்தது. மூன்று வாசலில் நுழைந்தவர்களின் வேலையும் ஒரே வண்டியில் ஏறிவிட்டது. பார்க்க வந்த பெற்றோருள் அந்தத் தாயும் இருந்தார். பல்லாவரத்தில் மகனின் குரல் வந்தபோது, “இது உன் குரலா?” என்று மட்டும் கேட்டார்.

கீழ் வகுப்பில் போடும் பேச்சு என்னவாயிற்று என்று நாம் கேட்கவில்லை. இந்த ஆண்டு முடியட்டும் என்று அவராகவே சொன்னார். இன்னும் பத்துக்கு மேற்பட்ட கடன் வாங்கல் கணக்குகள் அவனுக்குப் பாக்கி இருக்கின்றன. பெருக்கல் தொடங்கவே இல்லை. நான்கு வாரத்தில் அதிசயம் எதுவும் நிகழ்ந்துவிடவில்லை.

எல்லாரும் எழுந்து செல்லும்போது அவன் மடிக்கணினியின் முன் அமர்ந்து வண்டியை விரலால் இழுத்துக்கொண்டிருந்தான். வலப்புறம் கடற்கரை வரை போய்விட்டுத் திரும்பி வந்தான். தாம்பரத்தில் நிற்கவில்லை, இடப்புறமாக இன்னும் இழுத்தான். திரையின் அடியில் எண் மாறியது.

“ஐயா, பத்துக்கு முன்னாலே ஒரு கோடு போட்டிருக்கிறதே, அது என்ன?”

“வண்டி இப்போது எங்கே நிற்கிறது?” என்று கேட்டோம்.

சற்று யோசித்தான். “பெருங்களத்தூர்” என்றான். பிறகு நம்மைக் கேளாமலே இன்னும் கொஞ்சம் இழுத்து, “அப்படியானால் வண்டலூர் கோடு போட்ட இருபது” என்றான்.